கோழிக்கு ராத்திரியில் காற்று வேண்டும்: கரிசல் மண்ணில் கூடு கட்டிய அனுபவம்

கோழிக்கூடு நல்லபடியாக இருக்கிறதா என்று பார்க்க விடிகாலைதான் சரியான நேரம். கதவைத் திறந்ததும் குனிந்து, கோழிகள் அடைந்திருந்த உயரத்தில் முகத்தை வைத்து ஒருமுறை மூச்சை நன்றாக இழுத்துப் பாருங்கள். கண் கரித்து, மூக்கில் சுருக்கென்று ஏறினால் அந்தக் கூட்டில் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். நமக்கு ஒரு நொடி தாங்காத அந்த நெடியைத்தான் கோழி பொழுது அடைந்ததிலிருந்து விடியும்வரை சுவாசித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

டி.கல்லுப்பட்டிக்கும் பேரையூருக்கும் இடையில் ஒரு கரிசல்காட்டு ஊர் எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் சிறுவிடை என்கிற சிறிய ரக நாட்டுக்கோழி வளர்க்கிறோம். தாய்க்கோழி, சேவல், இளங்கோழியான விடைக்கோழி எல்லாம் சேர்த்து நாற்பது உருப்படி வரை இருக்கும். மாமனார் காலத்துக் கூடு தொழுவத்தை ஒட்டி இருந்தது. இந்தப் பக்கம் நிறைய வீட்டில் அப்படிப்பட்ட கூட்டைப் பார்க்கலாம். இடுப்பளவு உயரத்துக்குக் கல்லும் மண்ணும் வைத்து நாலு பக்கமும் எழுப்பி, மேலே பலகைக்கல்லைப் போட்டு மூடி, கோழி நுழைகிற அளவுக்கு முன்னால் ஒரு வாசல். ராத்திரி வாசலில் பலகையைச் சாத்தி, கல்லை அண்டக் கொடுத்துவிட்டால் கீரியும் வராது, திருடனும் வரமாட்டான். அந்தப் பயத்தில் கட்டியது, அந்த வேலையை அது நன்றாகவே செய்தது. ஐந்தாறு கோழி அடைந்த காலத்தில் போதுமானதாகவும் இருந்தது. உருப்படி கூடியபோதுதான் தொந்தரவு தெரிய ஆரம்பித்தது. ஐப்பசி கார்த்திகையில் கோழிகள் கொர்கொர் என்று இழுக்கும், கண்ணோரம் நுரை கட்டும். சித்திரையில் காலையில் பலகையை எடுத்தால் அடியில் ஒன்று விறைத்துக் கிடக்கும். கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டர் முதலில் கேட்டது, “ராத்திரி எதுலம்மா அடைக்கிறீங்க?” என்பதுதான்.

காரணம் சிக்கலானது ஒன்றும் இல்லை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடு 41 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கும். வெயில் ஏறினால் வாயைத் திறந்து இளைத்து, அதாவது வேகமாக மூச்சுவாங்கி, மூச்சோடு ஈரத்தை வெளியே தள்ளித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். தனியாக மூத்திரம் என்றும் கிடையாது. எச்சத்தில் வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான் மூத்திரத்துக்குப் பதிலாக வருகிற யூரிக் அமிலம். எச்சம் ஈரமாகவே கிடந்தால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அம்மோனியாவாக்கிவிடும். ஆக, மூச்சின் ஈரம், எச்சத்தின் ஈரம், அம்மோனியா மூன்றும் ராத்திரி முழுக்க உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும். அது வெளியேற வழி இல்லாத கூட்டில் எவ்வளவு தீவனம் போட்டாலும் மருந்து கொடுத்தாலும் கோழி தேறாது. வெதுவெதுப்பான ஈரக்காற்று மேலே போகும். அதற்கு உச்சியில் திறப்பு வேண்டும், நல்ல காற்று நுழையக் கீழே திறப்பு வேண்டும். புதுக்கூடு கட்டும்போது மற்ற எல்லாவற்றையும் இதற்குப் பிறகுதான் யோசித்தோம்.

அளவு விஷயத்தில் குழப்பம் வேண்டாம். வளர்ந்த நாட்டுக்கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி கொடுத்தால் தாராளம். எங்களுடையது 12 அடி நீளம், 8 அடி அகலம். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும் என்று திருப்பரங்குன்றத்தில் இருக்கும் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் சொன்னார்கள். ஏன் என்பது கட்டி முடித்த வருஷம் கண்ணாலேயே தெரிந்தது. காலை வெயிலும் சாயங்கால வெயிலும் தாழ்வாக வந்து கிழக்குச் சுவரையும் மேற்குச் சுவரையும்தான் அடிக்கிறது. அந்த இரண்டும் குறுகிய பக்கம், அங்கே முழுச் சுவர் எழுப்பியிருக்கிறோம். நீளமான வடக்கு, தெற்குப் பக்கங்களில் ஒன்றரை அடிக்கு மட்டும் சுவர், அதற்கு மேல் கூரை வரைக்கும் வலை. மேற்குச் சுவரால் இன்னொரு லாபமும் உண்டு. சாப்டூர் மலைப்பக்கமிருந்து புழுதியை அள்ளிக்கொண்டு வரும் ஆடிக்காற்று நேராக உள்ளே நுழைவதில்லை.

அடுத்தது மண். செம்மண் பூமிக்காரர்களுக்கு இந்தப் பகுதி அவ்வளவாகத் தேவைப்படாது. கரிசலில் கட்டுகிறவர்கள் மட்டும் கவனமாகப் படியுங்கள். கரிசல் மழையில் ஊறினால் உப்பும், கோடையில் காய்ந்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் நேராகச் சுவர் வைத்தால் ஒரே மழையில் விரிசல் விடும். விரிசல் விட்ட இடத்தில் எலி வளை போடும், எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். எங்கள் கொத்தனார் அண்ணன் இடத்தைப் பார்த்ததும் சொன்னார்: “கறுப்பு மண்ணைத் தோண்டி எடுத்துட்டுச் சரளை போட்டு இடிக்காம, இங்கிட்டு எதைக் கட்டினாலும் ஐப்பசியில தூக்கி விட்ரும் தாயி.” அவர் சொன்னபடியே இரண்டடி ஆழத்துக்குக் கரிசலை எடுத்துவிட்டு, சரளை மண்ணைக் கொட்டித் தண்ணீர் விட்டு, படிப்படியாக இடித்து இறுக்கினோம். தரைமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி மேடை. மேலே சிமெண்டுத் தளம், வாசல் பக்கமாக லேசான வாட்டத்தோடு. செலவைக் குறைக்க வேண்டும் என்றால் சுவரிலும் கதவிலும் குறைத்துக்கொள்ளுங்கள், அஸ்திவாரத்தில் குறைக்காதீர்கள். இடம் பார்க்கும்போது ஒரு நல்ல மழை நாளில் கொல்லையைச் சுற்றி வந்து தண்ணீர் எங்கே தேங்குகிறது, எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

வலை வாங்கும்போது பெரும்பாலும் எல்லாரும் அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழிவலையைத்தான் வாங்குகிறார்கள், விலை குறைவு என்று. அது கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும். தெருநாய் பல்லால் கடித்து இழுத்தால் பிய்ந்துவிடும். வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராமல் இருக்கப் பற்றவைத்த கம்பி வலை வேண்டும், வெல்டு மெஷ் என்று கேட்டால் கொடுப்பார்கள். கண் அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. ஓரங்குலக் கண்ணில் பாம்பும் எலியும் தாராளமாக நுழையும். கையில் காசு இல்லை என்றால் கீழே மூன்றடிக்கு அரை அங்குல வலையும், அதற்கு மேல் ஓரங்குல வலையும் போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் பாம்பு நடமாட்டம் அதிகமான இடத்தில் முழுவதும் அரை அங்குலம்தான் நிம்மதி.

வலையை அடிக்கும் விதத்தில்தான் நிறையக் கூடுகள் கோட்டைவிடுகின்றன. வெறும் ஆணியை வளைத்து அடித்தால் நாளடைவில் கம்பி தளர்ந்து ஓரம் வாய் பிளந்துவிடும். வலையின் ஓரத்தைச் சட்டத்தின்மேல் வைத்து, அதற்கு மேல் இன்னொரு ரீப்பர் கட்டையை வைத்து, இரண்டுக்கும் நடுவில் வலை நசுங்குகிற மாதிரித் திருகாணியால் முடுக்க வேண்டும். அடித்து முடித்ததும் ஓரம் முழுக்க விரலால் தள்ளிக்கொண்டே வாருங்கள். சுண்டுவிரல் நுழைகிற இடம் இருந்தால் இன்னொரு திருகாணி. கதவுக்குக் கீழே இருக்கும் இடைவெளியைத்தான் எல்லாரும் மறப்பார்கள். எங்கள் கதவின் அடியில் பழைய சைக்கிள் டயரை நறுக்கி அடித்திருக்கிறோம், தரையை உரசிக்கொண்டு நிற்கும்.

கீரியும் நாயும் தோண்டும். மேடை உயரமாக இருந்தால் அந்தக் கவலை இல்லை. மண்தரையிலேயே கூடு வைத்திருப்பவர்கள் சுவரை ஒட்டி வெளிப்பக்கமாக ஓரடி அகலத்துக்கு வலையைப் படுக்கவைத்து, மேலே கல்லைப் பரப்பிவிடலாம். தோண்ட வருகிற பிராணி சுவர் ஓரத்தில்தான் ஆரம்பிக்கும், வலை தட்டுப்பட்டதும் விட்டுவிட்டுப் போய்விடும். மரநாய்க்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். அது மேலேயிருந்து வரும். கூரை ஓட்டைத் தூக்கி நகர்த்திவிட்டு இறங்கும். அதனால் ஓட்டுக்கு அடியிலும் ஒரு வலை விரித்துத்தான் மேலே ஓடு வேய்ந்தோம். உள்ளே வர முடியாவிட்டாலும், வலையை ஒட்டி அடைந்திருக்கும் கோழியின் காலையோ இறக்கையையோ கண் வழியாகப் பிடித்துக் கடித்துவிடும். கோழி அடைகிற கம்பு வலையிலிருந்து ஓரடியாவது தள்ளி இருக்கட்டும்.

கூரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சித்திரை பிறக்கும் சமயத்தில் மதுரை வட்டாரத்தில் உச்சிப்பொழுதுச் சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேலே வந்துவிடும், ஆவணியில் மறுபடியும் ஒருமுறை வரும். அந்த நாட்களில் சுவர் எந்தத் திசையில் இருந்தாலும் சூடு கூரை வழியாகத்தான் இறங்குகிறது. வெறும் தகரம் போட்டால் மத்தியானம் அடுப்புக்கல்லாகக் காயும். சிமெண்ட் ஷீட்டும் வெயிலில் காய்ந்து சூட்டை உள்ளே இறக்கும். தென்னங்கிடுகு குளிர்ச்சிக்கு நல்லது, ஆனால் ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், எலியும் பூச்சியும் அதற்குள் குடியேறும். எங்களுக்கு ஓடு ஒத்துவந்தது. மதுரையிலும் திருமங்கலத்திலும் பழைய வீடு இடித்த சாமான் விற்கும் இடங்களில் சீமை ஓடு, கதவு, ஜன்னல், ரீப்பர் எல்லாம் பொறுக்கி எடுக்கலாம். ஓட்டு இடுக்கில் காற்று கசிவதும் கோழிக்கு நல்லதுதான். கூரையின் முகடு 8 அடி, தாழ்வாரம் இரண்டு பக்கமும் சுவரைத் தாண்டி மூன்றடி நீட்டிக்கொண்டு நிற்கும். சாரல் உள்ளே அடிக்காமல் இருக்க அந்த மூன்றடி அவசியம். கிழக்கு, மேற்குச் சுவர்கள் முகட்டோடு சேர்கிற முக்கோணத்தில் செங்கல் வைக்காமல் வலை அடித்திருக்கிறோம். சூடான ஈரக்காற்று வெளியேறுவது அந்த வழியாகத்தான், அதை எந்தக் காலத்திலும் மூடுவதில்லை.

ஏற்கனவே தகரம் போட்டுவிட்டவர்கள் மேலே கிடுகு வேயலாம், அல்லது கோடை தொடங்குமுன் சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்து மேற்புறம் இரண்டு கை அடித்துவிடலாம். நல்ல வித்தியாசம் தெரியும். வெயில் நேரத்தில் கூரைமேல் தண்ணீர் தெளிப்பதும் பலன் தரும். கூட்டுக்குள் தெளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வேண்டவே வேண்டாம். காற்றில் ஈரம் ஏற ஏறக் கோழியால் இளைத்துச் சூட்டை ஆற்ற முடியாமல் போகும். மண்சட்டியில் குளிர்ந்த தண்ணீரை நிழலில் வைத்து, மத்தியானம் ஒருமுறை மாற்றி ஊற்றினால் போதும்.

இனி உள்ளே. கோழி இயல்பாக மரத்தில் அடைகிற பிராணி. தரையில் படுக்கவிட்டால் எச்சத்தின்மேலேயே ராத்திரி முழுக்கக் கிடக்கும். எங்கள் கூட்டில் இரண்டரை அடி உயரத்தில் கம்புகள் போட்டிருக்கிறோம், எல்லாம் ஒரே மட்டத்தில். ஏணி மாதிரி ஏற்ற இறக்கமாகப் போட்டால் மேல்கம்புக்கு அடிதடி நடக்கும், கீழே இருப்பது மேலே இருப்பதின் எச்சத்தை வாங்கிக்கொள்ளும். கோழி உட்காரும்போது கால் மடங்குகிற விசையிலேயே விரல்கள் தானாகக் கம்பைப் பற்றிக்கொள்ளும், அதனால்தான் தூங்கும்போது விழுவதில்லை. மெல்லிய கம்பியையும் வழுக்கும் பிளாஸ்டிக் குழாயையும் அது சரியாகப் பற்ற முடியாது. இரண்டு அங்குலக் கனத்தில், முனை மழுக்கிய வேப்பங்கம்போ சவுக்குக் கம்போ சரியாக இருக்கும். கோழிக்கு எட்டு அங்குல இடம் கணக்கு, கம்புக்குக் கம்பு ஒன்றேகால் அடி இடைவெளி. எச்சத்தில் பெரும்பகுதி ராத்திரி இந்தக் கம்புகளுக்கு நேர்கீழே விழுகிறது. அந்த இடத்தில் மட்டும் பழைய ஷீட் ஒன்றைப் போட்டு, காலையில் மண்வெட்டியால் வழித்துக் குப்பைக்குழியில் தள்ளிவிடுகிறோம். இந்தச் சின்ன வேலை ஒன்றாலேயே கூட்டின் நெடி பெரும்பாலும் போய்விட்டது. நிமிர்ந்து நின்று வேலை செய்கிற உயரம் இருப்பதால்தான் தினமும் செய்ய முடிகிறது. குனிந்து தவழ்ந்து போக வேண்டிய கூட்டை யாரும் தினமும் சுத்தம் செய்யமாட்டார்கள்.

மற்றத் தரையில் நெல் உமியும் கடலைத்தோலும் கலந்து நாலு அங்குலத்துக்குப் பரப்பியிருக்கிறோம். சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு உமிக்கும் தேங்காய் நார்த்தூளுக்கும் பஞ்சமே இல்லை. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டு விரலை விரித்துப் பாருங்கள். கொழுக்கட்டையாக நின்றால் ஈரம் கூடிவிட்டது, கிளறிவிட்டுச் சுண்ணாம்புத்தூள் தூவ வேண்டும். பிடித்தது போல இருந்து மெதுவாக உதிர்ந்தால் சரி. புழுதியாகப் பறந்தால் ரொம்பக் காய்ந்துவிட்டது, அதுவும் மூக்குக்கு ஆகாது. தண்ணீர்ச்சட்டியைச் சுற்றித்தான் முதலில் ஈரமாகும். சட்டியை ஒரு செங்கல் உயரத்தில் வைத்தால் சிந்துவது குறையும்.

முட்டையிட நாலைந்து பெட்டைக்கு ஒரு இடம் போதும். இருட்டான மூலையில், கம்புகளைவிடத் தாழ்வாக வையுங்கள். உயரத்தில் வைத்தால் ராத்திரி அதிலேயே ஏறி அடைந்து எச்சமிட்டு வைக்கும். அடைக்கு வைக்கும் கோழியை மட்டும் தனியாக ஒரு தடுப்புக்குள் விடுகிறோம். அகலமான மண்சட்டியில் மணல், மேலே வைக்கோல். இடிக்கு முட்டை கூமுட்டையாகிவிடும் என்று அத்தை அதில் ஓர் இரும்புத்துண்டு, கரித்துண்டு, வரமிளகாய் வைப்பார்கள், வைத்துவிட்டுத்தான் கோழியைத் தூக்கி உட்காரவைப்பார்கள். 21 நாளும் அந்த மூலைக்கு மற்றக் கோழிகள் போகாமல் பார்த்துக்கொண்டால் முட்டை உடையாது, குஞ்சும் ஒழுங்காக இறங்கும். குஞ்சுகளுக்குப் பகலில் கவிழ்த்து வைக்கிற கூடையான பஞ்சாரம்தான் இன்றைக்கும் நல்லது, பருந்துக்கும் காக்காவுக்கும் பயப்பட வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் ஒரு பூச்சியைத் தேடிப் பார்க்க வேண்டும். பேன் கோழி உடம்பிலேயே இருக்கும், பகலிலும் கண்ணில் படும். இது வேறு. எள்ளைவிடச் சிறியது, பகலில் கம்பு சுவரோடு சேரும் இடுக்கில் ஒளிந்திருந்து ராத்திரி மட்டும் வந்து ரத்தம் குடிக்கும். கோழியின் கொண்டை வெளுத்து, முட்டை குறைந்து, சாயங்காலம் கூட்டுக்குள் போக அடம்பிடித்தால் இதைச் சந்தேகப்படுங்கள். இருட்டியபின் டார்ச் எடுத்துக்கொண்டு போய்க் கம்பின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத்துணியால் துடைத்தால், துணியில் சிவப்புத் தீற்றல் விழும். கம்புகளைக் கழற்றிச் சுடுதண்ணீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, இடுக்குகளில் வேப்பெண்ணெய் தடவுங்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். இதற்காகவே எங்கள் கம்புகள் ஆணி அடிக்காமல், கழற்றுகிற மாதிரிப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கின்றன. வெளியே வேப்பமரத்தடியில் சாம்பலும் புழுதியும் போட்ட ஒரு குழி இருக்கிறது, கோழிகள் அதில் புரண்டு தாங்களாகவே பேனை உதிர்த்துக்கொள்ளும்.

கூடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெள்ளைக்கழிச்சல் நோயை அது தடுக்காது. குஞ்சு பொரித்த 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, 8 வாரத்தில் ஊசி, இரண்டையும் தவறவிடாதீர்கள். அரசு கால்நடை மருந்தகத்திலேயே கிடைக்கும்.

மழைக்காலப் படுதாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வழக்கமாக மேலேயிருந்து கீழே தொங்கவிடுவார்கள். அப்படிச் செய்தால் காற்று வெளியேறும் மேல்பகுதி அடைபட்டு, குளிர்காற்று அடியில் புகுந்து நேராகக் கோழிமேல் அடிக்கும். சாக்கைத் தைத்து, அதன் கீழ் ஓரத்தைச் சுவரோடு கட்டி, மேல் ஓரத்தைக் கயிறு போட்டு உயர்த்துங்கள். எவ்வளவு சாரல் அடித்தாலும் கூரைக்குக் கீழே ஓரடி திறந்தே இருக்கட்டும்.

புதிதாகக் கட்ட வசதி இல்லாதவர்கள் பழைய கற்கூட்டையே திருத்தலாம். பக்கத்து வீட்டு மதினிக்கு அப்படித்தான் செய்தோம். மேல் பலகைக்கல்லை இறக்கிவிட்டு, சுவரின்மேல் செங்கல்லை ஒன்றுவிட்டு ஒன்று இடைவெளி வைத்து இரண்டு வரிசை எழுப்பி, அந்த இடைவெளிகளில் உள்பக்கமாக அரை அங்குல வலை அடித்து, கல்லைத் திரும்ப ஏற்றினோம். சாத்துகிற பலகைக்குப் பதிலாக வலை அடித்த மரச்சட்டம், அதற்கு ஒரு கொண்டி, ஒரு பூட்டு. கோழிகளின் இழுப்பு அந்த மழைக்காலத்திலேயே குறைந்தது என்று மதினி சொன்னார்கள். கல்லை ஏற்றி இறக்க நாலு ஆள் வேண்டும். சாந்து நன்றாக இறுகும்வரை செங்கல் வரிசைக்குத் தண்ணீர் விட்டு, அதற்குப் பிறகே கல்லை ஏற்றுங்கள், அதுவரை கோழிகளைப் பஞ்சாரத்தில் போட்டுத் தாழ்வாரத்தில் வைத்துக்கொள்ளலாம்.